பலகையில் இடமில்லாத தகடு

நான் இங்கே சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கையை நெஞ்சில் வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். அப்போது நடை சாத்தியிருந்தது. ஆனால் அம்மனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

என் பெயர் சின்னராசு. வயது அறுபத்தெட்டு. மார்சிலிங்கில் மூவறை வீடு. வடக்கே ஒரு ராணுவ முகாமில், ஹெலிகாப்டர்களைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்தில் முப்பத்தொன்பது வருடம் டெக்னிஷியனாக இருந்தேன்.

ஹெலிகாப்டர் என்பது ஒரு கல்யாண வீடு. உள்ளே இருக்கிற ஒவ்வொரு நட்டும், ஒவ்வொரு திருகாணியும், தனக்குச் சரியான மரியாதை கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பத் தயாராக நிற்கும். மேலே விசிறி உலுக்குகிற உலுக்கு அதற்கு ஒரு சாக்கு. எல்லாரையும் தாஜா பண்ணி உட்கார வைத்து, எழுந்திருக்க முடியாதபடி மெல்லிய கம்பியால் கட்டிப்போடுவதுதான் எங்கள் உத்தியோகம்.

இதில் எனக்குக் காதுதான் மூலதனம். ஒருமுறை தேக்கா சந்தையில் கொடுவா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் போனது. மீனை வைத்துவிட்டு முகாமுக்குப் போன் போட்டு, "பின்பக்கம், மூணாவது பேரிங்" என்றேன். இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். மூன்றாவதுதான். அன்றிலிருந்து அந்த மீன்காரர் தன் ஐஸ் பெட்டி முனகினால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்.

ஹெலிகாப்டர்களை நிறுத்தும் கொட்டகையில், அதாவது எங்கள் ஹேங்கரில், ஒரு கருவிப் பலகை உண்டு. கறுப்பு ரப்பரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே பள்ளம் வெட்டியிருக்கும். மாலையில் ஒரு பள்ளம் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. வேலை நடந்த ஹெலிகாப்டரும் பறக்கக் கூடாது. ஒருமுறை விரல் நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று காணாமல் போய் நாங்கள் பதினோரு நாள் உள்ளேயே இருந்தோம். ஜெய் என்ற ஒருவனுக்கு அந்த வாரம் கல்யாணம். பெண்வீட்டார் ஹேங்கருக்கே வந்துவிட்டார்கள். தாலியைப் பதிவேட்டில் 'மஞ்சள் உலோகம், ஒன்று' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டோம். கட்டி முடிந்ததும் 'பொருள் மணமகளிடம் உள்ளது' என்று எழுதி வரியை மூடினோம். ஸ்க்ரூடிரைவர் பன்னிரண்டாம் நாள் கிடைத்தது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்றால், பைலட் கையை இடது பக்கம் அசைத்தால் அது சில கம்பிகள் வழியாக ஏறி மேலே இருக்கிற விசிறி இறக்கைகளுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு சின்ன நாணயம் சிக்கினாலும் போதும். இடது பக்கம் போன கை இடது பக்கமே நின்றுவிடும். அதற்குமேல் பைலட் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

என் மகன் கபிலன் எங்கள் முகாமின் ஹெலிகாப்டர் ஒன்றில்தான் வேலை பார்த்தான். பைலட் இல்லை, பின்னால் திறந்த கதவோரம் பட்டையைக் கட்டிக்கொண்டு நின்று, கீழே என்ன தொங்குகிறது, எப்படி ஆடுகிறது என்று பார்த்துச் சொல்கிற ஆள். முப்பத்தொரு வயது. ஒரே பிள்ளை.

போன வருடம் எங்கோ ஒரு வெளிநாட்டில் அதே ரக ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. ஏன் விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து ரத்தினம்மா, அதாவது என் மனைவி, ஐபேடும் கையுமாக உட்கார்ந்துவிட்டாள். எந்த நாட்டில் எத்தனை விழுந்தது, எந்த வருடத்தில் எத்தனை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"மா, அது பழைய பேட்ச் மா. நம்மளோடதுல எல்லாத்துக்கும் பேக்கப் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு லா" என்பான் கபிலன், சாப்பாட்டு மேசையில்.

"அங்க விழுந்ததுலயும் இருந்துச்சுன்னுதான் போட்டிருக்கான்."

"உங்க வீட்டுக்காரர்தான் சர்வீஸ் பண்றார். அவரைக் கேளுங்க."

"அதான் எனக்கு பயமே" என்பாள் அவள், என்னைப் பார்க்காமல்.

ஜூலை மாதம் ஒரு நாள் அவள் கோயிலிலிருந்து ஒரு செப்புத் தகடு மந்திரித்து வாங்கி வந்தாள். தபால் தலை அளவு. கூடவே தனியாக ஒரு மஞ்சள் கயிறு. மகன் பறக்கிற வண்டியில் கட்டிவிட வேண்டுமாம். நான் முடியாது என்றேன். பலகை, பதிவேடு, கையெழுத்து எல்லாவற்றையும் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒரு ஸ்பேனருக்கு அது படுக்கிற மாதிரியே பள்ளம் வெட்டி வச்சிருக்கீங்க. என் பிள்ளைக்காக ஒரு தகடு. அதுக்கு இடமில்லையா?"

மூன்று வாரம் அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. தூங்கவும் இல்லை. சோற்றில் கை வைப்பாள், எடுத்துவிடுவாள். ஒருநாள் குளியலறைக் கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுவது கேட்டது. என் காதைப் பற்றித்தான் சொன்னேனே.

கேட்டில் உலோகம் எதற்கும் கணக்குக் கேட்பார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை தகட்டை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு முகாமுக்குள் போனேன். கேட்டில் காவலர் ஹனீபா, "என்னண்ணே, இன்னிக்கு வாயே திறக்கல, உடம்பு சரியில்லையா?" என்றார். தலையாட்டினேன்.

காக்பிட்டுக்குப் பின்னால், கம்பிகள் மேலே ஏறுகிற இடத்தில் ஒரு மூடி. பத்துத் திருகாணி. அதைத் திறந்து பரிசோதிப்பது அன்று என் வேலை. திறந்தேன். தகட்டை ஒரு விளிம்பில் வைத்தேன். கயிற்றை எடுக்கச் சட்டைப் பையில் கைவிடுகிற நேரத்தில் பின்னாலிருந்து மேற்பார்வையாளர் ஜார்ஜ் வந்தார். சிராங்கூன் பக்கம் மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் இருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். தப்புச் செய்யத் தெரியாத மனிதர்.

"அண்ணே, நாளைக்கு தேசிய தின ஒத்திகை. கொடியைத் தொங்கவிட்டுப் பறக்குறது இந்த வண்டிதான். மூணு மணிக்குள்ள மூடிடுவீங்களா?"

"மூடிடுறேன், மூடிடுறேன்."

என் கைக்கு முப்பத்தொன்பது வருடப் பழக்கம். ஜார்ஜ் சொன்னதும் அது தானாகவே மூடியை எடுத்துப் பொருத்திப் பத்துத் திருகாணியையும் முறுக்கிவிட்டது. 'உள்ளே அந்நியப் பொருள் எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் கையெழுத்தும் போட்டது. நான் கயிற்றைக் கட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

"கட்டிட்டீங்களா?"

"மூணு முடிச்சு போட்டேன்" என்றேன். அன்று அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மதியத்துக்கு மேல் நானும் அவளும் பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தோம். நல்ல புழுக்கம். முகத்தைத் துடைக்கச் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினேன். அதோடு மஞ்சள் கயிறும் வந்து முருங்கைக்காய் மேல் விழுந்தது.

நேற்றுப் போட்ட அதே சட்டை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் ஆணியில் மாட்டிவிட்டு, காலையில் அதையே எடுத்துப் போட்டிருந்தேன்.

ரத்தினம்மா கயிற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மூணு முடிச்சு போட்டேன்னீங்களே."

மணி மூன்று ஐம்பத்தைந்து. ஹெலிகாப்டர் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும். கபிலன் அதில் இருந்தான். தகடு கட்டப்படாமல் கம்பிகளுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது.

கபிலனுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. கேமரா வைத்த போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். எல்லாம் கேட்டருகே பெட்டியில் பூட்டிக் கிடக்கும். ஜார்ஜ் போனும் அப்படியே. கடைசியில் காவல் அறைத் தொலைபேசியில் ஹனீபா கிடைத்தார்.

"ஹனீபா, அந்தக் கொடி ஹெலிகாப்டரை நிறுத்தச் சொல்லு."

"அண்ணே, நான் கேட்டை நிறுத்துற ஆளு. ஹெலிகாப்டரை எப்படி நிறுத்துறது?"

"ஜார்ஜுக்குச் சொல்லு. உள்ள ஒரு பொருள் விட்டுப்போச்சு."

"என்ன பொருள்? காரணம் எழுதணுமே."

ஒரு கணம் யோசித்தேன். அந்தக் கணத்துக்காக நான் இன்னும் வெட்கப்படுகிறேன். "ஸ்பேனர்" என்றேன். "பத்தாம் நம்பர்."

ஹனீபா ஹேங்கருக்கு உள்தொடர்பில் பேசினார். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். பக்கத்தில் ரத்தினம்மா கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, பத்தாம் நம்பர் பள்ளத்துல பத்தாம் நம்பர் இருக்காம். போர்டு ஃபுல்லா இருக்காம். ஜார்ஜ் சார் ரெண்டு தடவை எண்ணிட்டாராம். நிம்மதியா காய்கறி வாங்குங்கன்னார்."

எங்கள் முறை அவ்வளவு பத்திரமானது. வெளியே போன எதையும் அது விடாது. சொல்லாமல் உள்ளே வந்ததை மட்டும் அது எண்ணுவதில்லை. ஏதாவது ஒரு பைத்தியக்காரன் ஹெலிகாப்டருக்குள் சாமியைக் கொண்டுவந்து வைப்பான் என்று அதை எழுதியவர்கள் நினைக்கவில்லை.

"ஹனீபா, நான் சொன்னது பொய். ஸ்பேனர் இல்ல. செப்புத் தகடு. என் சம்சாரம் கோயில்ல மந்திரிச்சு வாங்கினது. நாக்குக்கு அடியில வச்சுக் கொண்டாந்தேன். கட்ட மறந்துட்டேன்."

அந்தப் பக்கம் ஹனீபா சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார்.

"யா அல்லா, நாக்குக்கு அடியிலயா! போன மாசம் பைலட் சீட்ல முதலை ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கிச்சுன்னீங்க. இது அதைவிட நல்லா இருக்குண்ணே."

"ஹனீபா, சத்தியமா..."

"லாரி வருது அண்ணே, வச்சிடுறேன்."

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பதினாறு முறை அடித்தேன்.

முப்பத்தொன்பது வருடமாகத் தேநீர் இடைவேளைகளில் நான் அவிழ்த்துவிட்ட கதைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்து அந்தத் தொலைபேசியின் மேல் உட்கார்ந்துகொண்டன. அந்த முதலையும் உட்கார்ந்திருந்தது.

காய்கறிப் பையைக் கடையிலேயே போட்டுவிட்டு டாக்சி பிடித்தோம். ஓட்டியவர் நஃபீசா என்ற தமிழ்ப் பெண். "முகாமுக்கு, சீக்கிரம்" என்றேன். சீக்கிரம் என்பது அன்று ஊரில் யாரிடமும் இல்லை. ஒத்திகைக்காகப் பாதிச் சாலைகளை மூடியிருந்தார்கள். விரைவுச்சாலையில் ஏறுவதற்குள் நான்கு நாற்பது. ஏறியபின் வண்டிகள் நத்தையாக ஊர்ந்தன.

ரத்தினம்மா முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிறு சுற்றிய ஆள்காட்டி விரல் நீலமாகியிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"நான்தான் கொடுத்து அனுப்பினேன். அவன் சும்மா பறந்துட்டு வந்துட்டிருந்தான். நான்தான் அதுக்குள்ள எமனை வச்சு அனுப்பினேன்."

"கையெழுத்துப் போட்டது நான்."

"நீங்க மாட்டேன்னுதானே சொன்னீங்க? ஏன் கேட்டீங்க என் பேச்சை? நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? இதுக்குப் போயா கேட்கணும்?"

நஃபீசா கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "ஆன்ட்டி, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"இன்னும் ஒண்ணும் ஆகலம்மா" என்றாள் ரத்தினம்மா. "நீ ஓட்டும்மா. உன் காலைப் பிடிக்கிறேன், ஓட்டும்மா."

நஃபீசா வண்டியைச் சாலையோர அவசரத் தடத்தில் ஏற்றினார். அபராதக் கடிதம் வரும் என்று அவருக்கும் தெரியும்.

கேட்டுக்கு வந்தபோது ஐந்து இருபத்தெட்டு. விடுமுறை நாளில் என் அட்டை கதவைத் திறக்காது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கட்டடங்களுக்குப் பின்னால், முதல் இன்ஜின் ஊளையிட்டு எழுந்தது. பிறகு இரண்டாவது. பிறகு விசிறி மெல்லச் சுழல ஆரம்பிக்கிற அந்தக் கனத்த வீச்சு.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் அப்படிக் கேட்டதில்லை. ஒரு உரசல், ஒரு கிணுகிணுப்பு, ஏதாவது. ஒன்றுமே இல்லை. சத்தம் சுத்தமாக இருந்தது. நான் மூடிய ஹெலிகாப்டர் அல்லவா, அப்படித்தான் இருக்கும். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஹனீபா காவல் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். ரத்தினம்மாவைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. அவள் அப்படியே தார்ச் சாலையில் உட்கார்ந்து, நீல விரலை நீட்டிக் காட்டினாள். ஹனீபா உள்ளே ஓடித் தொலைபேசியை எடுத்தார்.

ஜார்ஜ் முகாமுக்குள் ஓடும் சின்ன மின்வண்டியில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"அண்ணே, என்ன விளையாட்டு இது? பதினைஞ்சு நிமிஷத்துல டேக்ஆஃப். ஊரே மேல பார்த்துட்டு நிக்குது."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தகடு, நாக்கு, விளிம்பு, பத்துத் திருகாணி, கையெழுத்து.

"போர்டு ஃபுல். ரெஜிஸ்டர் கிளீன். நீங்களே சைன் பண்ணியிருக்கீங்க."

"அந்தக் கையெழுத்து பொய் ஜார்ஜ். என்னை போலீஸ்ல கொடு. வேலையை விட்டுத் தூக்கு. அந்த மூடியை மட்டும் திற."

"இவ்வளவு நாள் நீங்க சொன்னதுல ஒண்ணாவது நிஜமா அண்ணே? மீன் கடையில நின்னுக்கிட்டு பேரிங் கண்டுபிடிச்சீங்க. பதினோரு நாள் ஹேங்கர்ல கல்யாணம் நடத்தினீங்க. நான் எதை வச்சு நம்புறது?"

விசிறிச் சத்தம் ஏறிக்கொண்டே போனது. நான் வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஆனது அதுதான் முதல் தடவை.

ஜார்ஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் வடிந்து வேறொன்று வந்தது.

"உங்க கதைங்க எல்லாத்திலயும் நீங்கதான் ஹீரோ" என்றார் மெதுவாக. "ஒரு கதையிலகூட நீங்க தப்பு பண்ணினதா சொன்னதே இல்லண்ணே."

அவ்வளவுதான். திரும்பினார். வாக்கிடாக்கியை எடுத்துக் கத்திக்கொண்டே மின்வண்டியை விரட்டினார். அந்த வண்டி மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாது. பாதியில் அதை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

சத்தம் இன்னும் ஒரு நிமிடம் ஏறியது. இரண்டு நிமிடம். ரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, எங்கோ ஒரு இடத்தில், அது ஏறுவதை நிறுத்தியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, முனகி, நின்றது. அதன் பிறகு வந்த அமைதியில் தூரத்தில் யாரோ ஒரு கதவைச் சாத்துகிற ஓசைகூடக் கேட்டது.

கொடியை மாற்று ஹெலிகாப்டர் தூக்கிக்கொண்டு போனது. ஊரில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

முக்கால் மணி நேரம் கழித்து ஜார்ஜ் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே தகடு. ஒரு மூலை மடங்கியிருந்தது.

"விளிம்புல இல்ல" என்றார். "கீழ நழுவி, கம்பிக்கும் தாங்கிக்கும் நடுவுல செருகிட்டிருந்துச்சு. கம்பியில நகம் நீளத்துக்குப் புதுக் கீறல். இன்ஜின் போட்டதும் பைலட் கன்ட்ரோல் செக் பண்ணுவாரே, அதுலயே பட்டிருக்கு. மேல போய் ஒரு திருப்பு திருப்பியிருந்தா..." மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் கபிலன் வந்தான். பச்சை உடுப்பு, கையில் தலைக்கவசம். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் விரலில் இறுகிக் கிடந்த கயிற்றைச் சுற்று சுற்றாக அவிழ்த்தான். ரத்தம் திரும்பும்போது அவளுக்கு வலித்திருக்க வேண்டும். அவன் கன்னத்தை, காதை, கழுத்தை அவள் தடவிக்கொண்டே இருந்தாள், எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதுபோல.

பிறகு அவன் எழுந்து என்னிடம் வந்தான்.

"உங்க செக்கிங்கை நம்பித்தான்பா நான் ஒவ்வொரு தடவையும் ஏறுறேன்" என்றான். "பேக்கப்பை நம்பி இல்ல."

திங்கட்கிழமை என் அட்டையை வாங்கி இரண்டாக வெட்டினார்கள். அதன்பின் நடந்த விசாரணையில் கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கபிலன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூன்றாவது மாதம் ஒரு காலை, பறக்கப் போவதற்கு முன்னால், கதவருகே நின்று "வர்றேன்பா" என்றான். ரத்தினம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் சத்தியம் செய்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது என்று முதலிலேயே சொன்னேன். எனக்கும் ரத்தினம்மாவுக்கும் பிள்ளைகள் கிடையாது.